சாவிக்கொத்தில் ஒரு கல்யாணம்

என் கணினி மேசைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் மஞ்சள் நூலில் கட்டிய ஒரு பென் டிரைவ் தொங்குகிறது. எங்கள் பக்கத்தில் அதை வெறும் பென் என்றுதான் சொல்வோம். அதன் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. கறுப்பு உறையின் ஒரு பக்கம் தேய்ந்து வெளுத்திருக்கிறது. ஓர் ஓட்டோவின் சாவியோடு உரசியபடி சீகிரியா வீதியில் மாதக்கணக்கில் ஓடியதால் வந்த தேய்மானம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தாயத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை வேலைகள் முடிந்ததும் அதை இறக்குவேன். கணினிக்குக் காவல் இருக்கும் வைரஸ் கார்ட் மென்பொருள் அதை முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகு உள்ளே இருக்கும் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லாம் நலமா என்று பார்த்துவிட்டு, மறுபடி ஆணியில் மாட்டுவேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவர் என் அக்காவின் கணவர்.

அத்தான் மாத்தளை நகரில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவர். தனியாகக் கடை கிடையாது. வீட்டின் முன்னறைதான் எல்லாம். அங்கே அவருடைய கணினி ஒரு பெரிய மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டு இருந்தது. அக்கா தன் பழைய பட்டுச் சேலையைக் கிழித்து அதற்கு ஓர் உறை தைத்திருந்தாள், சரிகைக் கரை முன்பக்கம் வரும்படி. சரஸ்வதி பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அடுத்த பூசை வரும்வரை அந்தப் பொட்டை யாரும் துடைக்கமாட்டார்கள். அறைக்குள் தூசி வரக்கூடாது என்பதில் அத்தான் கண்டிப்பானவர். யாராக இருந்தாலும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். ஒருமுறை பொலிஸ்காரர் ஒருவரே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு உள்ளே வந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணம் முடிந்த ஒன்றிரண்டு வாரத்தில் ஆல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய அந்தக் குடும்பம் வரும். வந்தால் குடும்பமாகத்தான் வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம் உட்கார்ந்து, எந்தச் சித்தி எந்தப் படத்தில் கண் மூடியிருக்கிறாள் என்று வழக்காடுவார்கள். அக்கா தேநீர் போட்டபடியே இருப்பாள். புறப்படும் நேரத்தில் யாராவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து பென்னை எடுப்பார். "தம்பி, இதுல கொஞ்சம் ஏத்திக் குடுங்களேன், வீட்டு டீவியில போட்டுப் பாக்க." அதே பென் முந்தின நாள் ஒரு ஃபோட்டோகொப்பிக் கடையில் குத்தப்பட்டிருக்கும், அதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பையனின் பாட்டுகளை வாங்கியிருக்கும். அதை வாங்கிப் போடமாட்டேன் என்று சொல்வது, வாசலுக்கு வந்தவரை உள்ளே வராதீர்கள் என்று சொல்வதற்குச் சமம். அத்தானால் அது முடியாது. பல நாள் அவர் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். வந்தவர்களே நாற்காலியில் அமர்ந்து வேண்டியதை ஏற்றிக்கொண்டு போவார்கள். யார் எதை எடுத்துப் போனார்கள் என்று அவருக்கு நினைவிருக்காது.

நான் அப்போது நாவுலவில் ஒரு மரக்கறி மொத்த வியாபார நிலையத்தில் கணக்கு எழுதும் லிகிதராக இருந்தேன். ஞாயிறுகளில் மாத்தளைக்கு வந்து அத்தானின் சீடி இறுவட்டுகளுக்குப் பெயர் எழுதிக் கொடுப்பேன். என் கையெழுத்து அவருக்குப் பிடிக்கும். ஒரு ஞாயிறு எல்கடுவைப் பக்கத்து முதியவர் ஒருவரின் பென்னை அவர் அப்படியே கணினியில் செருகியதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. முதியவர் போனதும் கேட்டேன்.

"போன வாரந்தானே அத்தான் கம்பியூட்டரைச் சுத்தம் பண்ணினீங்க? என்ன ஏதுன்னு பாக்காமலே போட்டுட்டீங்களே."

"மனுசன் ரெண்டு பஸ் மாறி வந்திருக்காரு கொழுந்தியா. மடியில இருந்து எடுத்துக் குடுக்குறாரு. வாங்கி மோந்து பாக்கச் சொல்றியா?"

"செருப்பைக் கழட்டச் சொல்ல மட்டும் வாய் வரும்," என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

அவருக்கு விவரம் தெரியாமல் இல்லை. கணினியைக் கெடுக்க வருகிறவர்களை அவர் கல்யாண வீட்டுக்கு வரும் ஆட்களாகப் பிரித்து வைத்திருந்தார். அன்று அந்த முதியவரின் பென்னிலிருந்து வந்த தொல்லையைச் சுத்தம் செய்தபடியே எனக்கு அதை விளக்கினார். முதல் வகை, அழைத்தவரோடு ஒட்டிக்கொண்டு வருகிறவன். தனியாக வரத் தெரியாது. ஒரு பென்னோ ஒரு கோப்போ வேண்டும், அதை யாராவது திறக்கவும் வேண்டும். அதுதான் வைரஸ். இரண்டாம் வகைக்கு யார் துணையும் வேண்டாம். ஒரு வீட்டில் பந்தல் போட்டிருக்கிறது என்று தெரிந்தால், திறந்திருக்கும் கதவு வழியாகத் தானே நடந்து வருவான். அங்கிருந்து அடுத்த வீட்டுக்கும் நடப்பான். வேர்ம் என்று அவனைச் சொல்கிறார்கள். கணினி கேட்கும் புதுப்பித்தல்களைத் தள்ளிப்போடாமல் செய்வதுதான் அவனுக்குக் கதவைச் சாத்துவது. ட்ரோஜன் என்ற மூன்றாமவன் பரிசுப் பொதியோடு வருவான். பொதியைப் பார்த்ததும் நாமே எழுந்து போய் வரவேற்று உள்ளே உட்கார வைப்போம். அதற்குள் என்ன இருக்கிறது என்பது பிரித்த பிறகுதான் தெரியும். ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, யார் எவ்வளவு மொய் எழுதினார்கள், பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டே இருப்பவன் ஒருவன். நாம் தட்டும் கடவுச்சொல்லைக்கூட எழுத்தெழுத்தாக வாங்கிக்கொள்வான். சாப்பிடுகிறவன் இலைக்கு நேரே நோட்டீசை நீட்டும் விளம்பரக்காரன் இன்னொருவன். அவன் உயிரை வாங்குவான், எடுக்கமாட்டான்.

"கடைசியா ஒருத்தன் இருக்கான்," என்றார். "எல்லாரும் உள்ள இருக்கும்போதே மண்டபத்தைப் பூட்டிட்டு, சாவியை ஆட்டிக்கிட்டு வெளிய நிப்பான். அவனை நான் இன்னும் பாத்ததில்ல. பாக்கவும் வேணாம்."

"ஆள் வகை எல்லாம் சொல்லத் தெரியுது. ஒருத்தனை வாசல்ல நிறுத்தத் தெரியல," என்றாள் அக்கா. அத்தான் சிரித்துக்கொண்டே அவளிடம் இன்னொரு கோப்பைத் தேநீர் கேட்டார்.

பூட்டுகிறவன் ஒரு தை மாதத்தில் வந்தான். அடுத்தடுத்துக் கல்யாணங்கள். வீடியோவில் பூ தூவுவதுபோல ஏதோ ஓர் அலங்காரம் வேண்டும் என்று ஒரு குடும்பம் கேட்டிருந்தது. அதற்கான மென்பொருளை விலைக்கு வாங்காமல் திறக்க ஒரு வழி, இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. பரிசுப் பொதிதான். அதோடு ஒரு குறிப்பும் இருந்தது: முதலில் வைரஸ் கார்டை நிறுத்துங்கள். வைரஸ் கார்ட் ஏற்கெனவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வேலை அவசரத்தில் அத்தான் அதை நிறுத்தினார். காவல்காரனை நாமே சம்பளம் கொடுத்து வைத்துவிட்டு, திருடன் கேட்டான் என்று அனுப்பிவிட்டோம் என்று பிற்பாடு அவர் பலமுறை சொன்னார்.

அக்கா தொலைபேசியில் அழுததைக் கேட்டு நான் நாவுலவிலிருந்து வந்து சேர்ந்தபோது, பட்டு உறை தரையில் கிடந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, பணம் அனுப்பினால் திறப்போம். ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் யாருக்கும் புரியாத சில எழுத்துகள் வாலாக முளைத்திருந்தன. எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. நகல் வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் வசதிக்காக அதை எப்போதும் கணினியோடு பொருத்தியே வைத்திருந்தார். வந்தவன் அதையும் பூட்டியிருந்தான். கண்டியில் ஒரு கணினிக் கடைக்காரரிடம் கொண்டுபோனோம். பணம் அனுப்பினாலும் திறப்பார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, அனுப்பாதீர்கள் என்றார் அவர். பூட்டிய கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள், சில பூட்டுகளுக்கு என்றாவது சாவி வெளிவரும் என்றும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தான் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

பழைய கல்யாணங்கள் தப்பின. அந்த வீடுகளில் இறுவட்டுகள் இருந்தன. அந்த மாதத்துக் கல்யாணங்களில் மற்றவை கமராவின் அட்டைகளில் மிச்சம் இருந்தன. ஒன்று மட்டும் எங்கும் இல்லை. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நடந்த கல்யாணம் அது. அதன் அட்டையை அழித்துத்தான் அடுத்த கல்யாணத்தை எடுத்திருந்தார். அந்தக் கல்யாணம் நடந்த சில வாரங்களில் மணப்பெண்ணின் தகப்பனார் மாரடைப்பில் இறந்துபோனார். அவருக்கு வேறு படமே கிடையாது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் கருமாதிக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெண் அடிக்கடி அழைத்துக் கேட்பாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அண்ணே, ஆல்பம் அவசரமில்ல. அப்பா இருக்குற படம் ஒன்னு மட்டும் முன்னுக்குக் குடுத்தீங்கன்னா, பெருசு பண்ணி மாட்டலாம். அடையாள அட்டையில அப்பா யாரோ மாதிரி இருக்காரு." அத்தான் ஒவ்வொரு முறையும் "பாக்குறேன்மா" என்று சொல்லிவிட்டு, வைத்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"போன்லயே சொல்லிருங்களேன்," என்றாள் அக்கா ஒருநாள்.

"கமராவைத் தூக்கிக்கிட்டு நேர்ல போனேன். இல்லங்கிறதையும் நேர்லதான் போய்ச் சொல்லணும்."

அடுத்த ஞாயிறு நாங்கள் மூவரும் போனோம். பஸ் போகும் தூரம் போய், பிறகு மழையில் நடந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அந்த அடையாள அட்டைப் படம், மாலையோடு. பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது. பெண் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்; படம் கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். கொடுத்த நாற்காலியில் அத்தான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். எப்படிப் பூட்டப்பட்டது, தன் கையாலேயே எதை நிறுத்தினார், அட்டையை ஏன் அழித்தார் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கையில் இருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவளுடைய தாய், "விடுங்க தம்பி, அவரே போயிட்டாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாசலில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் தாய்மாமன் அப்போதுதான் உள்ளே வந்தார். சீகிரியாவில் ஹோட்டல்களுக்கு வரும் வெளிநாட்டவரை ஏற்றி ஓட்டோ ஓட்டுகிறவர். துக்க வீட்டுக்கு உதவியாக அடிக்கடி வந்து போய்க்கொண்டிருந்தார்.

"நான் உங்க வீட்டுக்கு ஒருநாள் வந்தேனே," என்றார் அத்தானிடம். "நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. நீங்களே ஏத்திக்குங்க மாமான்னு சொன்னீங்க. கொஞ்சப் படம் பென்ல ஏத்திக்கிட்டுத்தான் போனேன், ஹோட்டல்ல வெள்ளைக்காரங்களுக்குக் காட்டலாம்னு."

பெண் தலை நிமிர்ந்தாள்.

"ஆனா அதுல ஒன்னும் இல்லம்மா," என்றார் அவர் அவசரமாக. "ஹோட்டல் கம்பியூட்டர்ல போட்டுப் பாத்தேன். படம் ஒன்னும் காணல. நாலஞ்சு பெட்டி இருந்திச்சு, குட்டியா அம்புக்குறி போட்டு. அமுக்கினா ஒன்னும் வரல. பென் செத்துப்போச்சுன்னுட்டாங்க."

அத்தான் இரண்டடி முன்னால் வந்தார். "அம்புக்குறியா? மூலையில வளைஞ்ச மாதிரியா?"

"ஆமா."

"அழிச்சீங்களா? யாராவது ஃபோமட் பண்ணினாங்களா?"

"பண்ணித் தாறேன்னு ஒருத்தன் கேட்டான். எனக்கு எதுக்கு அது? பாக்க நல்லா இருக்கேன்னு சாவியில கோத்துட்டேன்." சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார். அம்மன் படம் போட்ட ஒரு தகட்டுக்கும் ஓட்டோச் சாவிக்கும் நடுவில் அந்தப் பென் ஆடியது.

அத்தான் அதைத் தொடவில்லை. தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "மாமா, இவன் பூட்டுற சாதி இல்ல," என்றார். "இவன் ஒட்டிக்கிட்டு வர்றவன். சாமானை ஒளிச்சு வச்சிட்டு, அந்த இடத்துல பொய்ப் பெட்டியை வைப்பான். வாங்க போவோம்."

பெண்ணும் ஏறிக்கொண்டாள். ஓட்டோவில் எல்லாருமாக நெருக்கியடித்து மாத்தளைக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அத்தான் சாவித்துவாரத்துக்குக் கீழே ஆடும் பென்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டின் பின்னறையில், விற்பதற்காக ஒதுக்கிய ஒரு பழைய கணினி கிடந்தது. இணையம் இல்லாதது, கெட்டாலும் இழப்பதற்கு எதுவும் அதில் இல்லை. அதில்தான் போட்டார். திரையில் கோப்புறைகளின் உருவில் அம்புக்குறிப் பெட்டிகள் வந்தன. பெண் தன்னையறியாமல் கையை நீட்ட, அத்தான் தடுத்தார்: "அம்பைத் தொடாதம்மா. தொட்டாத்தான் அவன் எந்திரிப்பான்." பிறகு கணினியின் அமைப்புகளுக்குள் போய், மறைத்து வைத்த கோப்புகளையும் காட்டு என்று கேட்டார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அம்புக்குறிகளுக்கு இடையில், வேறு பெட்டிகள் மங்கலாகத் தோன்றின, காலைப் பனிக்குள் நிற்கும் தேயிலைச் செடிகளைப்போல. அவற்றில் ஒன்றைத் திறந்தார்.

எல்லாப் படங்களும் இல்லை. மாமா தனக்குப் பிடித்ததைத்தான் ஏற்றியிருந்தார். பாதிப் படங்களில் அவரே நடுவில் நின்றார். "உங்களுக்கு உங்க மூஞ்சிதான் முக்கியம்," என்று அழுகைக்கு நடுவில் அந்தப் பெண் சொன்னாள், எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு ஓயுமுன்னே அந்தப் படம் வந்தது. மாப்பிள்ளை மழையில் நடந்து வந்து வாசலில் நிற்கிறார். அவர் காலில் அட்டைப்பூச்சி கடித்திருக்கிறது. பட்டு வேட்டியில் இரத்தம் படுமே என்று எல்லாரும் பதறுகிறார்கள். தகப்பனார் மட்டும் குனிந்து, அதைப் பிடுங்கி, இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார். முன்பல் ஒன்று இல்லை. தோளில் துண்டு நழுவுகிறது. பெண் திரைக்கு மிக அருகில் போய் நின்றாள்.

"இதுதான் அப்பா," என்றாள்.

ஒருவன் பூட்டியதை இன்னொருவன் ஒளித்துவைத்துக் காப்பாற்றிவிட்டான் என்று அத்தான் பிறகு வேடிக்கையாகச் சொல்வார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ஹோட்டலில் யாரோ ஒருவர் உதவி செய்வதாக நினைத்து அந்தப் பென்னை ஃபோமட் செய்திருந்தால், ஒளிந்திருந்ததும் அழிந்திருக்கும். வந்திருப்பவன் எந்த வகை என்று பார்க்காமல் எதையும் அழிக்கக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அன்றுதான். அத்தான் வேறொன்றைக் கற்றுக்கொண்டார். வருகிறவர்களை அவர் அதற்குப் பிறகும் தடுக்கவில்லை. அவரால் அது முடியாது. ஆனால் அந்தப் பழைய கணினியை முன்வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார். வாரத்தில் ஒருமுறை அதற்கு இணையம் கொடுத்து வைரஸ் கார்டைப் புதுப்பிப்பார், பிறகு பிடுங்கிவிடுவார். யார் பென் நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கி, "உள்ள வாங்க, டீ குடிங்க. அதுக்குள்ள இவரு கால் கழுவிக்கிட்டு வரட்டும்," என்று அதில் செருகுவார். சம்பந்தி வீட்டாருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பதுபோல. யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பெரிய கணினியில் விருந்தாளிகளுக்கென்று ஒரு தனிக் கணக்கைத் திறந்தார். அதில் உட்காருகிறவரால் படம் பார்க்கலாம், புதிதாக எதையும் நிறுவ முடியாது. வைரஸ் கார்ட் சத்தம் போட்டால் வேலையை நிறுத்தினாரே தவிர, அதன் வாயை மூடவில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினார். ஒன்று அங்கே, ஒன்று நாவுலவில் என் அலுமாரியில். நகல் எடுக்கும் நேரம் தவிர எதுவும் கணினியோடு பொருந்தியிருக்காது. மாதம் ஒருமுறை நான் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து மற்றதை வாங்கி வருவேன். அக்கா அதற்குத் தட்டு மாற்றுதல் என்று பெயர் வைத்தாள். ஒருமுறை வெற்றிலை பாக்கோடு ஒரு தாம்பாளத்தில் வைத்தே நீட்டினாள்.

பென்னைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் வாங்கவில்லை. படங்களைத் தனக்கு வேறொன்றில் வாங்கிக்கொண்டு, தன் தாலிச்சரடு கட்டியபோது மிஞ்சிய மஞ்சள் நூலை இதில் கோத்து என்னிடம் கொடுத்தாள். "எங்க வீட்டுல ஒன்னு இருக்கட்டும். உங்க வீட்டுல ஒன்னு இருக்கட்டும் அக்கா. அண்ணன் சொன்னாருல்ல."

அத்தான் இறந்துபோய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த முன்னறையில் இப்போது அக்காவின் தையல் இயந்திரம் இருக்கிறது; அதற்கு மேல் அதே பட்டு உறை. பென் கொண்டு இப்போது யாரும் வருவதில்லை. படங்கள் தொலைபேசியிலிருந்து தொலைபேசிக்குப் போகின்றன. கெடுக்க வருகிறவர்களும் அந்த வழியிலேயே வருகிறார்கள். முன்பெல்லாம் ஒரு வைரஸ் வந்தாலும், இரண்டு பஸ் மாறி வந்த ஒரு மனிதரின் மடியில்தான் வந்தது. அவருக்குத் தேநீர் கொடுத்து, வழியில் மழையா என்று கேட்டோம். இப்போது அது மட்டும் வருகிறது.

போன மாதம் அந்த ரத்தோட்டைப் பெண்ணின் எண்ணிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. கல்யாண அழைப்பிதழ், கட்டாயம் வாருங்கள் என்று இருந்தது. கீழே ஒரு கோப்பு. அழைப்பிதழ் என்றால் படமாகத்தான் வரும். இதுவோ தன்னைத் தொலைபேசியில் நிறுவச் சொல்லிக் கேட்டது. பரிசுப் பொதிக்காரன் இப்போது கல்யாணப் பத்திரிகையையே கையில் எடுத்துக்கொண்டு வருகிறான். நான் தொடவில்லை. அவளுக்கு அழைப்பெடுத்தேன்.

"கல்யாணமா? யாருக்கு அக்கா? என் மக இப்பத்தான் அஞ்சாம் வகுப்பு," என்றாள். பிறகு குரல் மாறியது. "ஐயோ, காலையில இருந்து எல்லாரும் வாழ்த்துச் சொல்றாங்க. நேத்து எனக்கும் இப்படி ஒன்னு வந்திச்சு. தெரிஞ்ச நம்பர்தானேன்னு தொட்டுட்டேன்."

இணையத்தை உடனே நிறுத்தச் சொன்னேன். கணவரின் தொலைபேசியிலிருந்து எல்லாருக்கும் திறக்க வேண்டாம் என்று சொல்லி, வங்கிக்கும் அறிவித்து, கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றச் சொன்னேன். புதிதாக ஏறிய செயலியை நீக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றாள்.

"போன்ல இருக்குற படமெல்லாம் போயிருமா அக்கா? அப்பா..." என்று தொடங்கியவள், தானே நிறுத்திக்கொண்டாள். ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்பா உங்க வீட்டு ஆணியில இருக்காருல்ல."

"இருக்கார்," என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்தேன். முதல் ஞாயிறு இல்லை, சாதாரணப் புதன்கிழமை. ஆனாலும் பென்னை இறக்கி, வைரஸ் கார்ட் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, திறந்தேன். வாசலில் மழை. மாப்பிள்ளை ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அறிமுகமே இல்லாத அந்த மனிதர், ஒட்டிக்கொண்டு வந்ததைப் பிடுங்கித் தூக்கிப் பிடித்தபடி, கமராவுக்குப் பின்னால் நிற்கும் அத்தானைப் பார்த்துச் சிரிக்கிறார்.